வண்டிக்கொட்டகை முகூர்த்தம்

ஓல்டனிலிருந்து வேனில் ஏற்றிவந்தேன்
ஒரு மணவறையை, பதினேழு துண்டாக.
தூண் ஆறு, யானைத்தலை இரண்டு, தாமரைப்பீடம்.
எல்லாமே ரெஜிபோம்,
எல்லாமே பொன்.
ஒற்றைக் கையில் யானையைத் தூக்கிக்கொண்டு
கோட்டைப்படி ஏறியவளை
எம்மென்டால் மாடுகள் அசைபோட்டபடி பார்த்தன.

சாவி தந்த ரூக்செகர் அம்மா
நாலு பக்கத்துக்கு விதிகளும் தந்தாள்.
ஆணி கூடாது. பசைநாடா கூடாது.
மரத்தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது.
அரிசி எறியக் கூடாது.
நெருப்பு என்ற சொல் வந்ததும்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்:
மரத்தடியில், சுவரைவிட்டுப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி.
உள்ளே, கனவிலும் இல்லை.

கூடத்துச் சுவரில் ஒரு பிரபு.
பொய்முடி, பருத்த மூக்கு, முந்நூறு வருடக் கோபம்.
கழற்றவும் கூடாது, துணியால் மூடவும் கூடாது.
எப்படித் தள்ளிவைத்தாலும்
மாப்பிள்ளையின் தலைக்கு நேர்மேலே
அவர் மூக்கே வந்து நின்றது.
இரவு ஒன்றரை மணிக்கு
அவரைப் பெண்வீட்டுப் பெரியப்பா என்று எண்ணிக்கொண்டு
வேலையை முடித்தேன்.

மாவிலைப் பெட்டி சூரிச் விமானநிலையத்தில் நின்றுவிட்டது.
ஏதோ பூச்சியாம்.
விடியற்காலை, தோட்டத்தில்
ரோஜாக்கள் கழுத்தில் தகரப் பெயர்ச்சீட்டோடு
பரீட்சைக்கு வந்த பிள்ளைகள்போல் வரிசையில் நிற்க,
வேலிச்செடியை வெட்டிக்கொண்டிருந்தார் வூத்ரிக்.
விழுந்த இலையைப் பார்த்தேன்.
நீளம் சரி. பளபளப்பு சரி. நடுநரம்பும் சரி.
மாவிலையின் ஒன்றுவிட்ட தங்கை.
"எத்தனை வேண்டும்?"
"நூற்றொன்று."
"நூறு போதாதா?"
போதாது என்றேன். விளக்கம் கேட்கவில்லை;
ஒன்றை மட்டும் சொன்னார்:
"விஷம். ஆடு தின்றால் செத்துப்போகும்."
வந்தவர்களில் ஆடு இல்லை என்றேன்.

பத்து நாற்பதுக்கு மழை.
மழை என்றால் தூறல் அல்ல,
மலை முழுவதும் சரிந்து வந்ததுபோல.
லிண்டன் மரத்தடி குளமாயிற்று.
முகூர்த்தம் பதினொன்று பன்னிரண்டு வரை.
நெருப்பு உள்ளே போகாது, நேரம் வெளியே நிற்காது,
ஐயர் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி
ஓமகுண்டத்துக்குக் குடை பிடித்தார்.

வூத்ரிக்தான் கதவைத் திறந்தார்.
பழைய வண்டிக்கொட்டகை; கல்தரை, மூன்று பக்கச் சுவர்.
சட்டப்படி பன்னிரண்டரை மீட்டர்.
புல்வெட்டும் இயந்திரத்தை வெளியே தள்ளி
மழையில் நிறுத்தினார்.
உரமூட்டைகளை அடுக்கி அதன்மேல்
தன் மழைக்கோட்டை விரித்தார், அது பெண்ணின் தாய்க்கு.
நான் தோரணத்தை அவிழ்த்து ஓடினேன்.
அங்கே ஆணி இருந்தது,
குதிரைச்சேணம் தொங்கிய நூறு ஆணி!

புகை. நெய். வெட்டிய புல்லின் பச்சை மணம்.
மண்வெட்டிகளும் பூவாளிகளும் சாட்சி நிற்க
துவாரகன் அக்சிகாவுக்குத் தாலி கட்டினான்.
மேளக்காரர் அடித்த அடியில்
கூரைக்குருவிகள் ஒட்டுமொத்தமாய்க் குடிபெயர்ந்தன.
அட்சதை மட்டும் தாராளமாக விழுந்தது;
கொட்டகைக்கு விதி எழுத
ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இனி கூடத்துக்கு வாங்கோ" என்றார் படக்காரர்.
மூன்று தரம் என்றார்.
பெண் சேலையின் ஈரத்தைப் பிழிந்துகொண்டு
"இஞ்சையே நல்லாயிருக்கு" என்றாள்.
அவ்வளவுதான்.
சாப்பாடும் அங்கேயே வந்தது.

என் ஆறு தூணும் இரண்டு யானையும்
பிற்பகல் முழுவதும் வெறுங்கூடத்தில்.
மூன்று மணிக்கு எட்டிப் பார்த்தேன்:
சிம்மாசனத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகள்,
வாயெல்லாம் லட்டு,
ஒருத்தி மற்றவனுக்கு உருண்டையைப் பிட்டுக் கொடுக்கிறாள்.
மேலே பெரியப்பா.
கோபம் கொஞ்சம் குறைந்ததுபோல் இருந்தது,
அல்லது வெளிச்சம் மாறியிருக்கலாம்.

இரவு பதினேழு துண்டையும் வேனில் ஏற்றினேன்.
கொட்டகை வாசலில் ஏணிபோட்டுத்
தோரணத்தை அவிழ்க்கப் போனபோது
வூத்ரிக் கீழே நின்று
அதை விட்டுவிடு என்றார்.
நாலு நாளில் காய்ந்து பழுப்பாகும் என்றேன்.
பரவாயில்லை என்றார்.
கொஞ்சம் யோசித்து, தலையை நிமிர்த்தி உயரத்தை அளந்து,

"அங்கே ஆடு எட்டாது."